ஓரடி முன்னால்

திகாம் பத்துவில் இருக்கும் என் அச்சுக் கடைக்கு வந்த அந்த அக்கா, கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. முகக்கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டு என் கணினித் திரையை முறைத்தார். புக்கிட் செலம்பாவில் இருக்கும் தம் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக மின்வேலி போட்டிருந்தார். அதற்கு எச்சரிக்கைப் பலகை வேண்டுமாம். ‘மின்வேலி, தொடாதே’ என்று மெல்லிய, வளைந்த எழுத்துருவில் அமைத்துக் காட்டினேன். திரையில் பளிச்சென்று இருந்தது.

“பேப்பர்ல அடிச்சிக் குடு.”

அடித்த தாளுடன் சாலையைத் தாண்டிப் போய் நின்று, அதை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். “படி லா, தம்பி!”

அச்சில் கோடுகள் நூலாக இளைத்திருந்தன. புள்ளிகளையே காணோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன்.

“நில்லு!” அவர் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். “இப்ப வேலியில கைய வச்சிட்ட.”

“என்னக்கா, விளையாடுறீங்களா?”

“அழகா இருந்தா கிட்ட வந்துதான் படிப்பாங்க. தூரத்துலயே நிறுத்துற எழுத்தா போடு.”

தடித்த, நேரான எழுத்துருவுக்கு மாற்றி அடித்தேன். மறுபடியும் எதிர்ப்புறம் போய்ப் பிடித்தார். நின்ற இடத்திலிருந்தே வாசித்துவிட்டேன். ஆனாலும் அவர், “இன்னும் பெருசா போடு,” என்றார்.

அந்த வேலிப் பக்கம் எனக்கு முன்பே யாரோ ஓரடி எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தபடி எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன்.