மூடி வைத்த குரல்

ஜோதியம்மாள் பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்தில். விதைக்கென்று பொறுக்கிய காய்களை நன்றாக உலர்த்தி, வேப்பிலையோடு பானையில் போட்டு, வாயை மண்ணால் பூசி மூடிவிடுவார்கள். விதைக்கிற நாள் வரை அந்தப் பானையை ஒருவரும் தொடக்கூடாது. திறந்து பார்த்தால் காற்றுப் புகும், வண்டு வைக்கும். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்து, வேங்கிக்காலில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்த காலத்தில் பருப்பு டின்னை வேறு யாரும் திறக்க விடமாட்டார். ஒரு பொருளைக் காப்பது என்றால் அவருக்கு மூடி வைப்பதுதான்.

கணவர் அர்ஜுனனுக்குப் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே நிற்கும் என்று மைக்கில் சொல்கிறவர். கணீரென்ற குரல். தீபத் திருவிழாவுக்கு ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடும்போது அவரைத்தான் அவலூர்ப்பேட்டை சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே கூடும் கூட்டத்துக்கு அவர் குரல்தான் எட்டும் என்று அதிகாரிகளே சொல்வதுண்டு. வீட்டிலும் அவருக்கு மெதுவாகப் பேச வராது. உப்புக் கம்மி என்று அவர் சொன்னால் நாலு வீடு தள்ளித் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மகன் வளவன் வீட்டுக்கு ஒரு புது டிஷ் பெட்டி வாங்கிக் கொடுத்தான். ஓடுகிற நிகழ்ச்சியை அதிலேயே பதிந்து வைத்துக்கொள்ளலாம். பெட்டி அப்பா பெயரில், செய்திகள் வர அப்பாவின் பட்டன் போன் எண். அம்மாவுக்கு ரிமோட்டில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டி, "வேணும்னா இத்த அமுக்கும்மா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வருடம் கார்த்திகை தீபத்தன்று, ஒரு சிறிய தொலைக்காட்சியின் நேரலையில் திடீரென்று அர்ஜுனன் வந்தார். கழுத்தில் துண்டு, கையில் மைக், பின்னால் செஞ்சிக்குப் போகிற வண்டிகள். ஜோதியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"காலையிலேர்ந்து கத்துறீங்களே, தொண்டை வலிக்காதாங்க?" என்று கேட்டாள் செய்திக்காரப் பெண்.

"வலிச்சா இன்னாம்மா? வூட்டுக்குப் போயி ரெண்டு நாளு வாயத் தொறக்காம இருந்தா சரியாப் பூடும். எம்பொண்டாட்டிக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டு அர்ஜுனன் சிரித்தார். பிறகு, தன் மனைவி வைக்கும் மிளகு ரசத்துக்குச் சரியாகாத தொண்டைக்கட்டு இல்லை என்றார். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட ஒரு பெண் அறிவிப்புப் பந்தலில் வந்து அழுததைச் சொன்னார். பேச்சின் நடுவிலேயே திரும்பி, வேட்டவலம் வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி ஒரு அதட்டல் போட்டார்.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தவர், "ஏ ஜோதி, என் குரலா இது? தவிலு மாதிரி இருக்குது!" என்றார்.

"இப்பத்தான் தெரியுதா? இத்தினி வருஷம் நாங்க கேட்டுகினு கெடக்கறோம்."

அடுத்த கோடையில் அர்ஜுனனுக்குத் தொண்டை கட்டியது. ரசத்துக்குக் கேட்கவில்லை. வேலூருக்குப் போனார்கள். புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள்.

திரும்பி வந்த அர்ஜுனன் கைஜாடையில் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவியைப் போட்டு, தான் பேசிய அந்தப் பதிவை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். சமையலறையில் இருக்கும் ஜோதியம்மாளுக்குக் கூடத்திலிருந்து அந்தக் குரல் வரும். ஒருமுறை, "இதோ வரேங்க" என்று பதில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. எட்டிப் பார்த்தால், அர்ஜுனன் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் வேண்டுமென்றே அதைச் சத்தமாக வைப்பார். இவரும் வேண்டுமென்றே பதில் சொல்வார்.

அந்தக் குரல் இந்த ஒரு பெட்டியில் மட்டும் இருப்பது ஜோதியம்மாளுக்குப் பயமாக இருந்தது. டிஷ் கடை கோபியை அழைத்து, ஒரு சீடியில் போட்டுத் தரச் சொன்னார். கோபி தன் கருவியைக் கொண்டுவந்து பெட்டியோடு வயரால் இணைத்தார். படம் வந்தது. பதியத் தொடங்கியதும் திரை கறுத்து, நகல் எடுக்க அனுமதி இல்லை என்று எழுத்து வந்தது. மறுநாள் பெட்டியைக் கழற்றி, உள்ளே பதிவுகள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் கணினியில் செருகிப் பார்த்தார். கணினி அதில் எதையும் படிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டது.

"வேணாம்! வேணாம்! புடுங்குப்பா அத்த!" என்று ஜோதியம்மாள் அலறிவிட்டார்.

"பூட்டுப் போட்டு வெச்சிருக்கான்கா. சாவி கம்பெனிக்காரன் கையில இருக்குது. சினிமாவ காப்பி எடுத்து வித்துடுவாங்கன்னு பயம்."

"இத்த யாரு வாங்குவா? காசு குடுத்து வாங்குன பெட்டிதானே?"

"பெட்டி உங்களுதுதான்கா. உள்ள இருக்கறது உங்களுது இல்ல."

"உள்ள இருக்கறது எங்க வூட்டுக்காரருப்பா!"

கோபி தலையைச் சொறிந்தார். கடைசியில் தன் போனை எடுத்து டிவிக்கு நேராகப் பிடித்து, ஓடுவதைக் கொஞ்சம் படம் பிடித்துக் காட்டினார். படத்தில் இருந்த முகத்தின்மேல் கோடு கோடாக ஓடியது. மின்விசிறி இரைச்சலுக்கு அடியில், குடத்துக்குள்ளிருந்து வருவது போலக் குரல் கேட்டது. அர்ஜுனன் உதட்டைப் பிதுக்கிக் கையை ஆட்டினார்.

"அரகொறயா எதுக்கு? தீபாவளிக்கு வளவன் வரான். நல்ல கேமரா வெச்சிருக்கான். ஒழுங்கா எடுத்துக்கலாம்" என்றார் ஜோதியம்மாள். போனில் இடம் இல்லையென்று கோபி அதை அங்கேயே அழித்துவிட்டார்.

தீபாவளிக்கு முன்பே அர்ஜுனன் இறந்துபோனார்.

துக்க வீட்டில் கருமாதி முடியும்வரை டிவி போடமாட்டார்கள். அதற்குப் பிறகாவது அந்தக் குரலை ஒருமுறை கேட்கவேண்டும் என்று ஜோதியம்மாள் காத்திருந்தார். அர்ஜுனனின் அக்கா தங்கம்மாள் தடுத்தார்.

"செத்தவன் குரல் வூட்ல கேட்டா, போற உசுரு போவாது ஜோதி. வாசப்படியிலயே நின்னுகினு இருக்கும். வருஷம் திரும்பட்டும். தெவசத்தன்னிக்கு எல்லாருமா ஒக்காந்து கேக்கலாம்."

"ஒரே ஒரு வாட்டி, அண்ணி."

"எந்தம்பி நல்லபடியாப் போவணுமா வேணாமா?"

ஜோதியம்மாள் பெட்டியின் வயர்களைப் பிடுங்கினார். தூசி துடைத்தார். அர்ஜுனனின் வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்தார். அவருடைய பட்டன் போனையும் அணைத்துப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். டிவி ஓடாத வீட்டுக்கு மாதக் கட்டணம் எதற்கு என்று வளவன் கட்டுவதை நிறுத்தினான். கணக்கு முடியப் போகிறது, உடனே புதுப்பிக்கவும் என்று கம்பெனி அனுப்பிய செய்திகளெல்லாம் பூட்டிய பீரோவுக்குள் அணைந்து கிடந்த போனுக்குப் போயின.

அந்த வருடம் முழுவதும் ஜோதியம்மாள் பீரோவைத் திறக்கவில்லை. திறக்க ஆசை வரும்போதெல்லாம், உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். அந்த நினைப்பில்தான் அவர் சமைத்தார், சாப்பிட்டார், தூங்கினார்.

தெவசத்தன்று படையல் முடிந்து, இலைகளை எடுத்த பிறகு, சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தங்கம்மாளுக்குச் சுவரோரமாக நாற்காலி. கோபி வந்து பெட்டியை மாட்டினார். திரையில், இந்தக் கணக்கு மூடப்பட்டது என்று வந்தது. அவ்வளவுதான். வேறு எதுவும் வரவில்லை.

வளவன் கம்பெனிக்குப் போன் போட்டான். பேசிப் பேசி அவனுக்குக் கோபம் ஏறவே, ஜோதியம்மாள் போனை வாங்கிக்கொண்டார்.

"கணக்கு அர்ஜுனன் சார் பேர்ல இருக்குங்க மேடம். சார் லைன்ல வந்து பேசினாத்தான் விவரம் சொல்ல முடியும்" என்றாள் எதிர்முனையில் ஒரு பெண்.

"அவரு இல்லீங்கம்மா."

"எப்ப வருவாருங்க மேடம்?"

"இந்தப் பொட்டி தெறந்தா வருவாரும்மா. அதுக்குத்தான் உங்களுக்குப் போன் பண்றேன்."

இறப்புச் சான்றிதழ் அனுப்பினார்கள். கணக்கு ஜோதியம்மாள் பெயருக்கு மாறியது. பெட்டியில் செருகும் சின்ன அட்டையும் புதிதாக வந்தது. கோபி அதைச் செருகியதும் எல்லாச் சேனலும் வந்தன. பதிவுகளின் பட்டியலில் கார்த்திகை தீபம், நேரலை என்ற வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். ஜோதியம்மாள் தானே ரிமோட்டை வாங்கி அழுத்தினார். இந்தப் பதிவைப் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினார். அதுவே வந்தது.

மீண்டும் போன் போட்டார்கள். பழைய அட்டையில் பதிந்ததைப் பழைய அட்டைதான் திறக்கும் என்றார்கள். கணக்கு மூடியபோதே அந்த அட்டை செத்துவிட்டது, அதற்கு உயிர் கொடுக்க வழியில்லை என்றார்கள். பதிவு என்பது ஒரு வசதிதான், வாடிக்கையாளரின் சொத்து அல்ல என்றும் பணிவாகச் சொன்னார்கள். வளவன் அந்தத் தொலைக்காட்சியைத் தேடிப் போனான். நேரலையையெல்லாம் நெடுநாள் எடுத்து வைக்க அவர்களிடம் வசதி இல்லை. அந்தப் பதிவின் மேலேயே எத்தனையோ பதிந்தாகிவிட்டது என்றார்கள்.

"தொடாமத்தானேப்பா வெச்சிருந்தேன்" என்றார் ஜோதியம்மாள் கோபியிடம்.

"தொட்டிருக்கணும்கா. மாசாமாசம் பணம் கட்டி, வயர்ல மாட்டியே வெச்சிருந்தா அது பாட்டுக்கு இருந்திருக்கும்."

"மூடி வெச்சா கெட்டுப்பூடுமா?"

"இது அப்படித்தான்கா."

"அப்ப இன்னாத்துக்கு இதுக்குப் பொட்டின்னு பேரு?"

கோபி வயர்களைச் சுருட்டினார். தங்கம்மாள் வந்து, "நாந்தான் பாவி, நாந்தான் வேணாம்னேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஜோதியம்மாள் அவரைக் கோபிக்கவில்லை. தேற்றவும் இல்லை. காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனவர், அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குப் பதிவு முழுவதும் மனப்பாடம். செய்திக்காரப் பெண்ணின் கேள்வி, அர்ஜுனனின் பதில், ரசம், பிள்ளையைத் தொலைத்த பெண், வேட்டவலம் வண்டிக்குப் போட்ட அதட்டல், எதுவும் விட்டுப்போகாது. இனி இதுவாவது போகாமல் இருக்கட்டும் என்று பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். அர்ஜுனன் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். சிரித்த இடத்தில் சிரித்தார். முதலில் சொல்லுக்குப் பின்னால் அந்தக் கணீர் கேட்டது. நாளாக ஆக அது தேய்ந்தது.

ஒரு நாள் வளவன் போனில், "அம்மா, அப்பா அன்னிக்கு இன்னா சொன்னாரு? தொண்டை வலிக்காதான்னு கேட்டப்போ? ஒருவாட்டி சொல்லேன்" என்றான்.

"வலிச்சா இன்னாம்மா" என்று ஜோதியம்மாள் தொடங்கினார். "வூட்டுக்குப் போயி..."

நின்றுவிட்டார். காதில் விழுந்தது அவருடைய குரல்தான். மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அங்கேயும் அவருடைய குரலே சொன்னது. பேருந்து நிலையத்தை, பந்தலை, கழுத்துத் துண்டை நினைத்துப் பார்த்தார். அர்ஜுனன் வாயைத் திறந்தார். வந்தது இவர் குரல்.

"சொல்லும்மா" என்றான் வளவன்.

"மறந்துபோச்சுப்பா" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சொற்களை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.