மாலூர் தாண்டி எழுந்தவள்

எங்கள் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒரு சட்டம் உண்டு. மாரிக்குப்பத்தில் ஏறி உட்காருகிறவள் பாதி வழியில் மாலூர் வந்ததும் எழுந்து, அதுவரை நின்றவளுக்கு இடம் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் மட்டும் விலக்கு. அவர்கள் ஜன்னலோர மூலையில் பெங்களூர் வரைக்கும் உட்காரலாம். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிற நாங்கள் எங்களுக்கே போட்டுக்கொண்ட சட்டம் இது. யார் நோயாளி என்று தீர்ப்புச் சொல்வது ஒரு அக்கா. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. எங்கள் எல்லோரையும்விடப் பழைய சீசன் டிக்கெட். அவள் வாய்க்கு டி.டி.ஆரே பயப்படுவார்.

எனக்கு அந்த மூலை கிடைத்தது இடுப்பு வலியால். லிங்கராஜபுரத்தில் ஒரு கார்மென்ட்ஸில் எனக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்க மேஜைக்கு முன்னால் நின்றபடி சட்டைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் உட்கார்ந்தாலும் சூப்பர்வைசருக்குக் கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி ஆகிவிடும். சில வருஷங்களில் இடுப்பு கல்லாய் இறுகிவிட்டது. ஒருநாள் ரயிலில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மடங்கி விழுந்தேன். "மூலைய அவளுக்குக் குடுங்கடி" என்று அக்கா சொன்னாள். போகவர அந்த இடம் இருந்ததால்தான் நான் வேலையை விடாமல் இருந்தேன். மூலை போனால் வேலையும் போகும். இது எனக்கும் தெரியும், பெட்டிக்கும் தெரியும்.

மாத்திரை தின்று வயிறு புண்ணான பிறகு, பக்கத்துத் தெருவிலிருந்த பிசியோதெரபி கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த பெண் என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்திப் பார்த்தாள்.

"கோழி உரிக்கிறப்போ கறி மேல வெள்ளையா ஒரு ஜவ்வு இருக்கும் பாருங்க, நமக்கும் அது இருக்கு. ஃபேசியான்னு பேரு. உங்களுக்கு அது இறுகிப்போய் கெடக்கு மேடம்."

அதை மெதுவாக இழுத்து, இழுத்த நிலையிலேயே வெகுநேரம் இருக்க வேண்டுமாம். அவள் என் காலைப் பிடித்து இழுத்தபோது நான் போட்ட சத்தத்துக்கு வாசலில் காத்திருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார். "அழுங்க, பரவால்ல. மூச்ச மட்டும் புடிக்காதீங்க" என்றாள் புண்ணியவதி. நான் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். ஒரே மாதிரி ரொம்ப நேரம் உட்காரக் கூடாது, ரயிலில் பாதி வழியில் எழுந்து ஸ்ட்ரெச் செய்ய வேண்டும்.

சில மாதங்களில் வலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியும் போய்விடும் என்ற பேராசையில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஒரு காலையில், மாலூர் தாண்டியதும் சாப்பாட்டுப் பையை மூலையில் வைத்துவிட்டு எழுந்தேன். சாமான் வைக்கும் கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து நின்றேன். இடுப்பு மெல்ல இளகியது. அந்தச் சுகத்தில் கண்ணை வேறு மூடிவிட்டேன். திறந்தபோது பெட்டியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, டான்ஸா?" என்றாள் அக்கா.

"டாக்டரம்மா சொன்ன ஸ்ட்ரெச்சுக்கா. இடுப்பு வலிக்கு."

"வலிக்கிற இடுப்பு இப்பிடி வளையுமா? இவ்ளோ நாளும் நம்மள நல்லா ஏமாத்திட்டாடி!"

எல்லோரும் சிரித்தார்கள். என் பை என் கைக்கே வந்தது. மூலையில் அக்கா உட்கார்ந்தாள். "எனக்குந்தான் இடுப்பு வலி. நான் ஆடுறனா?"

பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று பெருந்தன்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்தே, தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில், குனிந்து நிமிர முடிகிறவனுக்கு நோய் கிடையாது. அவன் ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். சுரங்கத்தை மூடினார்கள், அந்தப் புத்தியை மூடவில்லை.

மற்றவர்களைப் போல நானும் தினமும் பாதி வழி நின்றுகொண்டே போனதில் வலி திரும்பி வந்தது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். இன்னும் லீவு போட்டால் வரவே வேண்டாம் என்றார் சூப்பர்வைசர். வேறு வழியில்லாமல் ரயிலில் கக்கூஸ் ஓரமாக நின்று ஸ்ட்ரெச் செய்தேன். அந்த நாற்றத்தில் மூச்சைப் பிடிக்காமல் இருக்கச் சொன்னவளைத் தினமும் திட்டினேன். ஆனாலும் அதுதான் என் வேலையைக் காப்பாற்றியது.

மழைக்காலத்தில் அக்காவுக்கு நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பிளாட்பாரத்தில், யாரும் இல்லாத நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்தாள்.

"அந்த ஸ்ட்ரெச்ச எனக்கும் சொல்லிக்குடேன். ஒக்காந்தா எழ முடியலடி. உன் வூட்டுக்கு வரேன்."

"வூட்டுல எதுக்குக்கா? நாளைக்கு ரயில்லயே சொல்லித் தரேன்."

மறுநாள் மாலூர் தாண்டியதும், மூலையில் உட்கார்ந்திருந்த அவள் முன்னால் போய் நின்றேன். "வாங்கக்கா, எழுந்திரிங்க, ஸ்ட்ரெச் பண்ணலாம்" என்றேன், பெட்டிக்கே கேட்கும்படி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருத்தி மூலையை நோக்கி ஒரு அடி எடுத்துவைத்தாள்.

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடிப்பது தெரிந்தது. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெங்களூர் ஈஸ்ட்டில் நான் இறங்கும்வரை அவள் எழுந்திருக்கவே இல்லை.