தட்டில் வளர்ந்த நரம்புகள்

புளித்த ஆப்ப மாவின் வாசனை. எந்த வீட்டுச் சன்னலிலிருந்து வந்தாலும் என் கால் நின்றுவிடும். அக்கா மகள் நினைவுக்கு வருவாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தங்கி இளங்கலை படித்தாள். கடைசி வருடம். அவள் அப்பா, உவரியில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த என் அத்தான், நடுக்குவாதம் வந்து வலையில் ஒரு முடிச்சுப் போட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். மூளையில் எந்த நரம்பணு சாவதால் அந்தக் கை நடுங்குகிறதோ, அதையே ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத் தட்டில் வளர்த்து, ஏன் சாகிறது என்று பார்க்கத் துணிந்தாள் அந்தப் பெண். பக்கத்து மேசைத் தோழி இன்சுலின் சுரக்கும் செல்லோடு மல்லுக்கட்டினாள். ஸ்டெம் செல் என்பது கொழுந்துச் செல், உடம்பின் எந்தச் செல்லாகவும் ஆகும். தினமும் இளஞ்சிவப்புக் கரைசல் ஊட்ட வேண்டும். ஞாயிறு கிடையாது, விடுமுறை கிடையாது.

கோயில் திருவிழாவுக்கு, தட்டைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனவள், ஈஸ்ட் போட்ட ஆப்ப மாவை முழங்கைவரை கைவிட்டுக் கரைத்தாள். விடிந்ததும் பஸ் பிடித்து, மாவு தெறித்த அதே சுடிதாரோடு நேரே ஆய்வகம். இரண்டே நாளில் தட்டு கலங்கிவிட்டது. நுண்ணோக்கியில் மணிமணியாக மொட்டுவிட்டுக்கொண்டிருந்தது ஈஸ்ட்! உறையவைத்திருந்த செல்லில் மிச்சம் ஒரே குப்பி. அதுவும் கெட்டால் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

அழுவாள் என்று பார்த்தேன். நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் ஆப்பம் நின்றது. வண்ணார்பேட்டையில் பேக்கரி வாசலைக்கூடச் சுற்றிக்கொண்டு போனாள். கதை எழுதுகிறவன் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு வரியோடு ஒரு வாரம் உட்காரப் பொறுமையில்லாத நான், வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கும் அவள் ஊருக்குப் போகவில்லை.

அத்தானே வந்துவிட்டார், தூக்குவாளியில் ஆப்பத்தோடு. ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன்.

"ஏட்டி, ஆப்பத்துக்கா பயந்து கெடக்க?"

"அத மாமாகிட்ட குடுங்க. கையக் கழுவுங்க. முழங்கை வரைக்கும்!"

கோட்டு மாட்டி, நுண்ணோக்கி முன் உட்காரவைத்தாள். அவர் கை மேசையில் பட்டுப் படம் ஆடியது. கையை அக்குளில் இறுக்கிக்கொண்டு குனிந்தார். கடைசிக் குப்பியிலிருந்து வளர்ந்த நரம்பணுக்கள் நூல்விட்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

"யாருட்டி இந்த வலயப் பின்னுனா? கண்ணி ஒண்ணும் ஒத்து வரலியே."

"அதுவா பின்னுதுப்பா." எத்தனையோ நாளுக்கப்புறம் சிரித்தாள்.

"இத எந் தலையில வச்சிருவியா?"

"இல்லப்பா. ஏன் சாவுதுன்னுதான் பாக்கேன். மருந்து வர ரொம்ப நாளாவும்."

அப்பனிடம்கூட ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை. அவர் மறுபடி குனிந்து பார்த்தார், வெகுநேரம்.

பஸ் ஏற்றிவிடப் போனோம். "ஈஸ்டருக்குக் கட்டாயம் வாரேன்ப்பா" என்றாள்.

படியில் ஏறியவர் திரும்பினார். "நீ வந்துட்டா அதுகளுக்கு யாருட்டி சோறு வைப்பா? இங்கனயே கெட. நாங்க வாரோம், ஆப்பம் இல்லாம."