இறங்கிய இடது தோள்

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மிஷின்மேன். மதியச் சாப்பாடு கொண்டுபோனால், அந்த இரைச்சலில் எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் காதில் விழாது. வாசலில் நின்று, வரிசையாகத் தெரியும் முதுகுகளில் இடது தோள் இறங்கியது எது என்று பார்ப்பேன். அதுதான் அவர். தாளைக் குனிந்து குனிந்து பார்த்து அப்படி ஆகிவிட்டது என்று நானாக முடிவுகட்டியிருந்தேன்.

அந்த வருடம் காலண்டர் சீசன் நெருங்கும்போது இடது கால் அவரைப் படுத்த ஆரம்பித்தது. சாயங்காலமானால் கணுக்காலின் உள்பக்கம் பணியாரம் போல வீங்கிவிடும். முதலாளி நல்ல மனுஷர்தான். "நிக்க முடியலைன்னா பைண்டிங்ல உக்காந்து பாருங்க. மிஷினுக்கு வேற ஆள் போட்டுக்கிடுதேன்" என்றார். அன்று இவர் சோற்றைத் தொடவில்லை. கலர் சேர்ப்பதில் தன்னை அடிக்க ஊரில் ஆளில்லை என்ற மிதப்பு அவருக்கு. எனக்கும் கொஞ்சம் உண்டு.

டாக்டரிடம் போவாரா? தானே வைத்தியரானார். அச்சு மங்கலாக விழும் இடத்தில் அடியில் மெல்லிய தாள் ஒட்டி உயர்த்துவது அச்சகத்து வழக்கம், பேக்கிங் என்பார்கள். காலுக்கும் அதே கணக்குதான் என்று, உள்ளங்காலில் மை தடவித் தாளில் பதிக்கப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன்.

"ஏங்க, முருகன் மேலயா கால வைக்கப் போறீக?"

வீட்டில் கிடந்த வேஸ்ட் தாள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சாமி. குடைந்து குடைந்து ஓர் அருவிப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். பாதத்தின் உள்பக்கம் கருகருவென்றும் வெளிவிளிம்பு மங்கலாகவும் விழுந்தது. வெளிவிளிம்புக்கு அட்டை வெட்டிச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனவரை, அன்று சாயங்காலம் எங்கள் ஊர் நாரணாபுரத்துக்கு வரும் பட்டாசு ஆலை வேனில் தூக்கி ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

அதற்கப்புறம் நான் வைத்ததுதான் சட்டம். காலை அளவெடுத்து, ஷூவுக்குள் வைக்கும் இன்சோல் செய்து தருகிற இடம் விருதுநகரில் இருந்தது. அருவித் தாளோடு அங்கே கூட்டிப்போனேன். அளவெடுக்கும் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"அண்ணே, தாளு கிடந்த இடத்துல கிடக்கும். காலு சாயும். கருப்பா விழுந்த பக்கந்தான் சரிஞ்சிருக்கு. அங்கனதான் தாங்கணும்" என்றார்.

இவரை வெறுங்காலோடு நிற்க வைத்து, பின்னால் உட்கார்ந்து, சரிந்த உள்பக்கத்தை விரல்களால் ஏந்தினார். கணுக்கால் நிமிர்ந்தது. முழங்கால் நேரானது. கடைசியில் அந்த இடது தோள், கல்யாண நாளிலிருந்து நான் பார்த்த தோள், மெல்ல ஏறி மற்றதோடு சமமாக நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. கீழே ஒரு விரல் உயரம் கொடுத்தால் ஒரு மனுஷன் உச்சிவரை நேராகிவிடுவானா? கோயிலில்கூட நான் அப்படி வாய்பிளந்து நின்றதில்லை.

மெத்தென்று ஒன்றும் விறைப்பாக ஒன்றுமாக இரண்டு மாதிரி இன்சோல்களை அந்தப் பெண் மேசைமேல் வைத்தார். மெத்தென்று இருந்ததைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்ததும் இவர் மனசு அதன் பக்கம் போய்விட்டது.

"அது உங்க காலோட சேந்து அமுங்கிரும்ணே. நாளெல்லாம் நிக்கிறவுகளுக்குத் தாங்குறதுதான் வேணும்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு, "விறைப்பே குடுங்க" என்றார். அளவுக்காக, அமுங்கும் நுரை நிரப்பிய பெட்டியில் பாதத்தைப் பதித்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

கல்யாணத்துக்கே ஷூ போடாத மனுஷர். இன்சோல் வைத்த ஷூவோடு முதல் வாரம் முழுக்க, "கூழாங்கல்லு மேல நிக்கேன்" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். நானும் சும்மா விடவில்லை. வீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டால் பழையபடி சாய்ந்த மனுஷர்தான்.

சீசன் உச்சத்தில் ஒரு மதியம், சாப்பாட்டுக் கூடையோடு அச்சக வாசலில் நின்றேன். இறங்கிய தோளைத் தேடினேன். ஒரு முதுகிலும் இல்லை. அவருடைய மிஷினில் யாரோ நெடுநெடுவென்று நின்றிருந்தார். இவரைப் பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்த ஆள் ஒரு தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். என் வீட்டுக்காரர்.

பக்கத்தில் வந்து, "என்ன, அங்கனயே நின்னுட்ட? பசிக்குதுல்ல" என்றார்.