நான்காவது பின்

எங்கள் பழைய பிக்-அப்பின் முன்சக்கரங்கள் மேடுபள்ளங்களில் கடகடக்கத் தொடங்கியபோது, என் கணவர் பட்டறைக்குப் போக மறுத்துவிட்டார். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பேருந்துகளை இருபத்தைந்து ஆண்டுகள் பழுதுபார்த்தவர். தம் வண்டியை இன்னொருவர் தொடுவது அவருக்குப் பொறுக்காது. சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பால் ஜாயிண்ட் இரண்டு, ஸ்டீயரிங் கம்பியின் முனைகள் இரண்டு என்று எல்லாவற்றையும் வாங்கிவந்து, வீட்டு முன்கூரையின் கீழ் வண்டியை ஜேக்கில் தூக்கி நிறுத்தினார்.

அவருடைய முழங்கால்கள் முன்போல் மடங்குவதில்லை. ஒருமுறை அடியில் நுழைந்துவிட்டால் எழுந்து வருவது பெரும்பாடு. ஆகவே சாமான்களைப் பழைய நாளிதழின்மேல் வரிசையாக அடுக்கி, அவர் கேட்கும்போது எடுத்துக்கொடுப்பது என் வேலையாயிற்று. ஒவ்வொரு நட்டையும் முறுக்கியபின் அதன் குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் செருகி, அதன் இரு கால்களையும் விரித்து மடக்குவார். பின் இல்லாவிட்டால் ஓட்டத்தின் அதிர்வில் நட்டு கழன்று சக்கரம் சாய்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நான்கு இணைப்புகள், நான்கு பின்கள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசி இணைப்பு மட்டுமே மீதமிருந்தது. பத்தரைக்கு இராகு காலம். அதற்குள் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். அப்படியே கடற்பாலத்தைக் கடந்து, அக்கரையில் ஜுருவில் சக்கரங்களை நேர்செய்யும் கடைக்குப் போய்விட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

“மணி என்னா?” என்றார் அடியிலிருந்து.

“பத்து அஞ்சு.”

“நட்டு முடிஞ்சிருச்சு. அங்க ஏதும் மிச்சம் இருக்கா?”

“ஒண்ணுமில்லைங்க.”

“படிச்சுக்கிட்டே சொல்லாத. பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டேன் லா.”

நான் பார்க்கவில்லை. நாளிதழில் ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிரீஸ் கறைக்கடியில் அதன் முடிவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சக்கரத்தை மாட்டினார். கற்பூரம் காட்டினேன். நான்கு பழங்களும் நசுங்கின. பத்து இருபதுக்கு வண்டி தெருமுனையில் திரும்பியது. நல்ல நேரத்தில் அனுப்பிவைத்த நிறைவோடு நாளிதழை மடித்தேன். அதன் மடிப்பிலிருந்து ஏதோ தரையில் விழுந்தது.

புத்தம்புதிய பின். கால்கள் விரியாமல், ஒட்டியபடியே இருந்தன.

அவரை அழைத்தேன். கருவிப் பெட்டிக்குள், ஸ்பேனர்களுக்கு நடுவே அவருடைய கைப்பேசி ஒலித்தது. ஜுருவில் எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது. “எப்பவும் போற கடை” என்பார். நானும் ஒருநாளும் கேட்டதில்லை. வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட நினைத்தேன்; எங்கே போகச் சொல்வது? இந்நேரம் பாலத்தில் ஏறியிருப்பார். கடலுக்கு மேலே, இருபுறமும் லாரிகள். அந்த நெரிசலில் ஒரு சக்கரம் மட்டும் மெல்லச் சாய்வதை நான் ஒவ்வொரு நிமிடமும் பார்த்தேன். உலகத்தில் எனக்குச் செய்ய இருந்தது ஒன்றே ஒன்றுதான்: வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அந்தப் பின் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. பிடியைத் தளர்த்தத் தோன்றவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான்கு முறை ஒலிக்கும்வரை எடுக்கத் துணியவில்லை.

“நான்தாம்மா. கடைக்காரரு போனு. என்னோடதை விட்டுட்டு வந்துட்டேன்.”

வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“வலது பக்கம் ஒரு பின்னு போடவே இல்ல. நட்டு இளகிப்போச்சு. வண்டியத் தூக்கிப் பாத்துட்டு இந்தச் சீனரு சிரிக்கிறாரு, ‘அங்கிள், இப்படித்தான் பஸ்ஸு செஞ்சீங்களா’ன்னு. வேற பின்னு போட்டாச்சு, பயப்படாத.”

“அது என் கையிலதாங்க இருக்கு.”

அவருக்குப் பின்னால் இயந்திரம் ஒன்று இரைந்து ஓய்ந்தது.

“நான் கேக்க மறந்துட்டேனா?”

“கேட்டீங்க. நான் படிச்சுக்கிட்டிருந்தேன்.”

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்படி என்னா செய்தி?” என்றார், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல.

நாளிதழை விரித்தேன். பத்தி பத்தியாகத் தேடினேன். எந்தச் செய்தி என்று எனக்கு நினைவில்லை. அவர் மறுமுனையில் காத்திருந்தார்.