ஆர்ம் அறுபத்துநாலு

போன சனிக்கிழமை, என் மனைவியின் புது லேப்டாப்பைப் பத்தே நிமிடத்தில் படுக்க வைத்தேன். நல்ல எண்ணத்தோடுதான்!

கோமதி கணக்கு டீச்சர். என் வேலை மாற்றலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். ஆறு வருஷம் கழித்து, மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆன்லைனில் அவளுடைய முதல் வகுப்பு. எட்டுப் பிள்ளைகள். அதற்காகத்தான் அந்த லேப்டாப்.

அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்தேனா? விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் பறக்குமே என்று தோன்றியது. அவள் கேட்டாளா? இல்லை. நான் அவளைக் கேட்டேனா? அதுவும் இல்லை...

என் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் போட்ட அதே பென் டிரைவைச் செருகினேன். செட்டிங்ஸில் புகுந்து, இனி பென் டிரைவிலிருந்து மட்டும்தான் கிளம்ப வேண்டும் என்று மாற்றி வைத்தேன். ஆன் செய்தால் கறுப்புத் திரை. மறுபடி ஆன் செய்தேன். மறுபடியும் கறுப்பு.

செல்போனில் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. என் பென் டிரைவில் இருப்பது ‘ஏஎம்டி 64’ ரகம். வழக்கமான பிராசஸர்களுக்கு அது ஒத்துப்போகும். புதிதாக வரும் சில லேப்டாப்களில் இருப்பதோ ‘ஆர்ம்’ பிராசஸர். என் நண்பன் ரெங்கராஜா வீட்டில் எல்லோரும் தெலுங்கில் பேசிக்கொள்ளும்போது நான் முழிப்பேனே, அப்படித்தான் இதுவும் முழித்திருக்கிறது. இதற்கு வேண்டியது ‘ஆர்ம் 64’.

அந்த ரெங்கராஜாவுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் தயாரிக்கும் யூனிட். ஆபீஸ் கம்ப்யூட்டர் அத்தனையிலும் லினக்ஸ் போட்டிருக்கிறான். போன் அடித்தேன். எடுத்தது, பேக்கிங் பார்க்கும் சுடலைமுத்து.

“மொதலாளி லூம் பக்கம் போயிருக்காவ சார். போன் இங்க சார்ஜுல கெடக்கு.”

“ஆர்ம் அறுபத்துநாலு வேணும்னு சொல்லுங்க. அவசரம்.”

“அம்புட்டா சார்?”

“அறுபத்துநாலேதான். முப்பத்திரண்டு சரிப்படாது.”

“என்ன சைஸு?”

பென் டிரைவைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “பெருசாவே அனுப்புங்க.”

“என்ன சார் ஆச்சு?”

“காலையில இருந்து எந்திரிக்கவே இல்லங்க. தட்டிக்கூடப் பாத்துட்டேன்.”

“ஐயய்யோ... யாருக்கு சார்?”

“என் வீட்டம்மாவோடதுதான். வந்து நாலு நாள்கூட ஆகல.”

 தழுதழுத்த குரலில், “மனசத் தளர விடாதீய சார்” என்றார். ஒரு லேப்டாப்புக்காக இப்படி உருகுகிறாரே என்று எனக்கே மனம் நெகிழ்ந்துபோனது.

முக்கால் மணி நேரத்தில் வாசலில் கார். ரெங்கராஜா ஒரு பை ஆரஞ்சுப் பழமும் பெரிய அட்டைப்பெட்டியுமாக இறங்கினான். கதவைத் திறந்தது கோமதி.

“தங்கச்சி... கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு?”

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பெட்டிக்குள், உடைந்த கையைக் கழுத்தில் தொங்கப்போடும் பட்டைகள். அதன் பெயர் ‘ஆர்ம் ஸ்லிங்’; யூனிட்டில் சுருக்கமாக ‘ஆர்ம்’. எண்ணிப் பார்த்தோம். சரியாக அறுபத்துநாலு... எல்லாம் லார்ஜ்!

ரெங்கராஜாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோமதி சிரிக்கவில்லை.

“நாளைக்குப் பத்து மணிக்குப் பிள்ளைங்க வந்து உக்காந்திருக்கும்ங்க. நான் என்ன செய்ய?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு என்னால் வேலையை விட்டவள். இப்போதும் என்னாலேயே... வெட்கமாக இருந்தது.

ரெங்கராஜா லேப்டாப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “ஏப்பா, இந்த மாடலுக்கு ஆர்ம் லினக்ஸே போட்டாலும் கேமரா வருமா, ஸ்பீக்கர் பேசுமான்னு சொல்ல முடியாது. நல்லவேளை, நீ செருகுனது உள்ளயே போகல. அதனால ஒண்ணும் அழியல.”

பென் டிரைவைப் பிடுங்கினான். செட்டிங்ஸைப் பழையபடி மாற்றினான். எதுவுமே நடக்காதது மாதிரி விண்டோஸ் வந்து நின்றது. கோமதி லேப்டாப்பை என் கைக்கு எட்டாத பக்கமாக எடுத்து வைத்தாள்.

ஞாயிறு காலை கதவுக்கு வெளியே நின்றேன். “குட் மார்னிங் மிஸ்” என்று எட்டுக் குரல்கள். அவள் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லது செய்யக் கிளம்புகிற நாமெல்லாம், முதலில் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

வகுப்பு முடிந்ததும் லேப்டாப்புக்கு பாஸ்வேர்டு போட்டுவிட்டாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் என் பெயரை அடித்துப் பார்த்தேன்... திறக்கவில்லை!