மல்வேர்ன் வீட்டுக் கார்ப்பெற்றில் பழகிய அலைச்சறுக்கு

நீச்சல் குளத்துக் குளோரின் மணம் தலைமயிரில் ஊறியிருக்கும். கனடாக் குளிரில் மல்வேர்ன் பஸ் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஈரப் பின்னல் குச்சி மாதிரி விறைத்துவிடும். மடித்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. அந்தக் குளிரில்தான் நானும் வதனியும் நீந்தப் பழகினோம். வதனி என்னோடு வெக்ஸ்போர்டில் ஒரு பக்டரியில் பொதி கட்டும் வேலை செய்தவள்.

அவள்தான் லைபிரரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். கொஸ்ரா ரிக்காவின் பசிபிக் கரை. ஒரு படத்தில் எங்கள் வயதுப் பெண்ணொருத்தி பலகையில் நின்றபடி அலையோடு வருகிறாள். லஞ்ச் மேசையில் அதை விரித்து வைத்து, "உதிலை நிக்கிறவளுக்கும் ரெண்டு கால்தானேடி," என்றாள் வதனி.

அவ்வளவுதான். திட்டம் தொடங்கிவிட்டது.

ஊரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அண்ணா குளிக்க இறங்குவார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன். பிறகு யுத்தத்தோடு நேவிப் படகுகள் வந்தன, ஒருவருமே இறங்க முடியாமல் போனது. கடலோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது.

எங்கள் வீடுகளில் இன்ரர்நெற் இல்லாத காலம். வரைபடத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து ஹைலைற்றரால் கோடு இழுத்தோம். வடக்கே ஒரு கிராமத்தில் ஐந்து நாள், பிறகு பஸ்ஸில் தெற்கே இறங்கி இன்னும் இரண்டு ஊர். மே மாதத்தில் மழை தொடங்கிவிடும், ஆகவே மார்ச். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எந்தக் கரை நல்லது என்று கேட்டு ஒரு விடுதிக்கு ஃபக்ஸ் அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: இங்கே மணல்தான், பாறை இல்லை, வாருங்கள். ஷிவ்ற் வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஆளுக்கொரு காதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு ஸ்பானிஷ் கசெற் கேட்டோம்.

பலகையில் எழும்புவதை முதலில் தரையில் பழகவேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. ஹோல் கார்ப்பெற்றில் மாஸ்கிங் ரேப்பால் பலகையின் உருவத்தை ஒட்டினேன். குப்புறப் படு, கையை ஊன்று, ஒரே துள்ளலில் எழும்பி நில். தினமும் ஐம்பது தடவை. அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு அதைச் சுற்றிக்கொண்டு போவார். ஒன்றும் கேட்கமாட்டார்.

தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவில் யாரோ அண்ணாவிடம் கேட்டுவிட்டார்கள், உன் தங்கச்சி எங்கேயோ கடலுக்குப் போகிறாளாமே என்று. அதே மார்ச்சில் ஒரு சம்பந்தக்காரர் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டுக்கு வந்த அண்ணா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ரேப்பை உரித்தெடுத்தார்.

"கடலிலை விளையாடவோ நாங்கள் கனடாவுக்கு வந்தனாங்கள்?"

"ஓம் அண்ணா. அதுக்கும்தான்."

"சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். நான் போறன்."

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை திரும்ப ஒட்டினேன். மாலையில் அவர் திரும்ப உரித்தார். மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், கார்ப்பெற்றில் ரேப் புதிதாக ஒட்டியிருந்தது... ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் ஒடுங்கி. அம்மா சோபாவில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கோணலாப் போச்சுது பிள்ளை. நீ பாத்துச் சரியாக்கு."

அண்ணாவும் அங்கேதான் இருந்தார். அதன்பிறகு அவர் ரேப்பில் கை வைக்கவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை.

போனோம்.

முதல் மூன்று நாளும் வாய் நிறைய உப்புத் தண்ணீர், முழங்கையெல்லாம் உரிசல். நான்காம் நாள் ஒரு சின்ன அலை பின்னால் வந்து தூக்க, எழும்பி நின்றேன். ஐந்து விநாடி இருக்கும். கரையிலிருந்து வதனி தமிழில் கத்துவது மட்டும் கேட்டது. விழுந்து எழும்பினேன். யாரையும் திரும்பிப் பார்க்காமல் பலகையைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனேன்.

சம்பந்தக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணா ஒரு வருடம் பேசவில்லை. அதில் ஒன்றுக்குத்தான் நான் அழுதேன். சம்பந்தத்துக்கு அல்ல.

அண்மையில் ஸ்ரௌவ்வில் பக்கம் இருக்கும் அண்ணாவின் வீட்டில் அவருடைய மகள், சாப்பிட்டுக்கொண்டே போனில் பிளேன் ரிக்கெற் போட்டாள். அவளும் அதே கரைக்கு, அலைச்சறுக்கத்தான். அண்ணாவே எயர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோசம்தான்... கொஞ்சம் பொறாமையும்.

போன மாதம் ஒரு கலியாண ஹோலில் பழைய பிளாசாக் காலத்து அன்ரி ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். "அந்த நாளையிலை கடலுக்குப் போன பிள்ளை நீதானே?" முப்பது வருடமாகியும் குரலில் அதே குறைசொல்லும் தொனி.

"ஓம் அன்ரி," என்றேன். "இப்பவும் போறனான்."